குற்றவுணர்வின் ஐந்து குரல்கள்: ‘பாய்சன்வுட் பைபிள்’ நாவலும் அதன் வாசகர்களும்

1. நாவலும் கேள்வியும்

பார்பரா கிங்சால்வரின் ‘தி பாய்சன்வுட் பைபிள்’ 1998இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் பெத்லகேம் என்னும் சிற்றூரிலிருந்து 1959இல் பெல்ஜியக் காங்கோவுக்கு ஊழியம் செய்யப் புறப்படும் பாப்டிஸ்ட் போதகர் நேதன் பிரைஸ், அவருடைய மனைவி ஓர்லியானா, நான்கு மகள்கள் ஆகியோரின் கதை அது. மறு ஆண்டில் புலிட்சர், பென்/ஃபாக்னர் ஆகிய இரு பரிசுகளின் இறுதிப் பட்டியலிலும் பிரிட்டனின் ஆரஞ்சு பரிசின் குறும்பட்டியலிலும் நாவல் இடம்பெற்றது. 2000இல் ஓப்ரா வின்ஃப்ரே தம் தொலைக்காட்சி வாசகர் வட்டத்துக்கு இதைத் தேர்ந்தெடுத்த பிறகு இலக்கிய இதழ்களின் எல்லை கடந்து வாசிப்புக் குழுக்களுக்கும் கல்லூரி வகுப்பறைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இத்தனை பரவலாக வாசிக்கப்பட்டும் நாவலைப் பற்றி ஒருமித்த கருத்து உருவாகவில்லை. வல்லரசின் அத்துமீறலை ஒரு குடும்பத்தின் சிதைவுக்குள் வைத்துக் காட்டிய பெரும்படைப்பு என்று ஒரு சாரார் கொண்டாடினர். கிறிஸ்தவ ஊழியர்களைக் கேலிச்சித்திரமாக்கிய பிரசார நூல் என்று மற்றொரு சாரார் ஒதுக்கினர். முதல் முந்நூறு பக்கங்களை ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் பிற்பகுதியில் சலித்துப்போனவர்கள் பலர். ஆப்பிரிக்கா மறுபடியும் வெள்ளையரின் கதைக்குப் பின்னணித் திரை ஆயிற்று என்று குறை சொன்னவர்களும் உண்டு.

ஒரே நூல் இவ்வளவு எதிரெதிரான தீர்ப்புகளைப் பெற்றது ஏன்? வாசகரின் மத நம்பிக்கையையும் அரசியல் சார்பையும் மட்டும் காரணம் காட்டுவது போதாது. நாவலின் அமைப்பைப் பற்றிக் கிங்சால்வர் எடுத்த ஒரு முடிவே இவ்வேறுபாடுகளுக்கெல்லாம் மூலம். நாவலின் வலிமையும் குறையும் அந்த ஒரே முடிவிலிருந்துதான் பிறக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. கதையும் அதன் அமைப்பும்

பிரைஸ் குடும்பம் குடியேறும் கிலாங்கா கற்பனை ஊர். உள்ளூர் மொழியைக் கற்காமல், மண்ணின் இயல்பை அறியாமல், மற்ற ஊழியர்களின் எச்சரிக்கையையும் பொருட்படுத்தாமல் நேதன் அங்கே தம் பணியைத் தொடங்குகிறார். ஜார்ஜியாவிலிருந்து கொண்டுவந்த விதைகளை அவர் விதைக்கிறார்; கொடிகள் செழித்துப் படர்கின்றன, மகரந்தம் சேர்க்க ஏற்ற பூச்சிகள் அங்கில்லாததால் காய் பிடிப்பதில்லை. ஆற்றில் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்கிறார். அந்த ஆற்றில் முதலைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த ஊர் மறுக்கிறது. இயேசு மேலானவர் என்று அவர் சொல்ல நினைக்கும் வாசகம், உச்சரிப்புப் பிழையால் தொட்டாலே தோலை அரித்துப் புண்ணாக்கும் ஒரு மரத்தின் பெயராக ஒலிக்கிறது. நாவலின் தலைப்பு அதிலிருந்து வந்தது. ஊர்த் தலைவர் டாட்டா ண்டு ஒரு நாள் ஆலயத்திற்குள்ளேயே வாக்கெடுப்பு நடத்துகிறார். இயேசு 11க்கு 56 என்ற கணக்கில் தோற்கிறார்.

1960 ஜூன் 30இல் காங்கோ விடுதலை அடைகிறது. பிற வெளிநாட்டவர்கள் வெளியேறியும் நேதன் குடும்பத்தை அழைத்துப்போக மறுக்கிறார். 1961 ஜனவரி 17இல், நாட்டின் முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா கொல்லப்பட்ட அதே நாளில், கடைசி மகள் ரூத் மே பாம்பு கடித்து இறக்கிறாள். ஓர்லியானா எஞ்சிய மகள்களான ரேச்சல், லியா, ஏடா ஆகியோரோடு ஊரைவிட்டு நடந்தே வெளியேறுகிறாள். அதற்குப் பிந்தைய பகுதி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைத் தொடர்கிறது. லியா காங்கோவின் பள்ளி ஆசிரியர் அனத்தோலை மணந்து ஆப்பிரிக்காவிலேயே வாழ்கிறாள். ஏடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து நோய்க்கிருமி ஆய்வுக்குப் போகிறாள். ரேச்சல் பிரெஞ்சுக் காங்கோவில் வெள்ளையருக்கான விடுதி நடத்துகிறாள்.

நாவல் ஏழு பகுதிகளால் ஆனது. பெரும்பாலான பகுதிகளுக்கு ஆதியாகமம், யாத்திராகமம், நியாயாதிபதிகள் என வேதாகமத் தலைப்புகளும், புரொட்டஸ்டண்ட் வேதாகமத்தில் சேராத நூல்களான தள்ளுபடியாகமங்களின் தலைப்புகளும் இடப்பட்டுள்ளன. கதையைச் சொல்வோர் ஓர்லியானாவும் நான்கு மகள்களும் மட்டுமே. ஓர்லியானா பல ஆண்டுகள் கழித்து, இறந்த மகளை நோக்கிப் பேசுகிறாள். மகள்களின் குரல்கள் நிகழ்வின் போக்கிலேயே ஒலிக்கின்றன: ரேச்சலின் பேச்சு சொற்பிழைகளும் தன்னலமும் நிறைந்தது, ஏடாவின் பேச்சு முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கத்தக்க சொற்கோவைகளால் ஆனது, லியா தந்தையின் அங்கீகாரத்துக்கு ஏங்கும் பெண்ணாகத் தொடங்குகிறாள். நேதனுக்கு மட்டும் ஒரு பக்கம்கூடத் தரப்படவில்லை. அவர் பேசுவதெல்லாம் பிறர் காதில் விழுந்தபடிதான் வாசகருக்குக் கிடைக்கிறது. அவருடைய மரணமும் மகள்கள் கேள்விப்பட்ட செய்தியாகவே வருகிறது.

விவாதங்களுக்கு மூலம் என மேலே சொன்ன முடிவு இதுவே: கதையை முழுவதும் குடும்பத்துப் பெண்களின் ஒப்புதல் வாக்குமூலங்களாக அமைத்தது. நடந்தது தவறு, அதில் தன் பங்கு என்ன, அதற்குப் பிறகு எப்படி வாழ்வது? ஐந்து குரல்களும் இக்கேள்விகளையே சுற்றி வருகின்றன. ரேச்சல் பதில் சொல்ல மறுப்பதும் அவற்றுக்கு ஒரு வகைப் பதில்தான்.

3. நேதன் பிரைஸ்: மனிதரா, வகைமாதிரியா?

நாவல்மீது அதிகமாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு நேதனின் ஒற்றைப் பரிமாணம். மனைவியை அடக்குபவர், மகள்களை அடிப்பவர், ஊராரின் சொல்லுக்குச் செவி கொடாதவர், இறுதிவரை மாறாதவர். லீ சீகல் 1999இல் ‘தி நியூ ரிபப்ளிக்’ இதழில் எழுதிய கடுமையான கட்டுரை, கிங்சால்வரின் எழுத்தைத் தன் நல்லெண்ணத்தைப் பறைசாற்றிக்கொள்ளும் எழுத்துவகைக்கு எடுத்துக்காட்டாக நிறுத்தியது. யாரை வெறுக்க வேண்டும் என்பதை ஆசிரியரே முன்கூட்டித் தீர்மானித்துவிட்ட இடத்தில் வாசகரின் மனச்சான்றுக்கு வேலை இல்லை என்ற மனக்குறை பல வாசகர்களுக்கும் இருந்தது.

இறையியல் நோக்கிலும் எதிர்ப்பு எழுந்தது. பாப்டிஸ்ட் மரபில் ஞானஸ்நானம் என்பது ஒருவர் சுயநினைவோடு விசுவாசத்தை அறிக்கையிட்ட பின் பெறுவது. இரட்சிப்பைத் தருவது அந்தச் சடங்கு என்று அம்மரபு போதிப்பதில்லை. நேதனோ ஊர்ப் பிள்ளைகளை எப்படியாவது தண்ணீரில் முழுக்கிவிடத் துடிக்கிறார். தள்ளுபடியாகமங்களை எடுத்துப் பிரசங்கிப்பதும் அவருடைய சபைக்கு ஒவ்வாதது. இவற்றைச் சுட்டிக்காட்டும் வாசகர்கள், ஆசிரியர் தாம் கண்டிக்கும் மரபை உள்ளிருந்து அறியவில்லை என்று முடிவு செய்கிறார்கள்.

இக்குற்றச்சாட்டில் பாதி ஏற்கத்தக்கது. தள்ளுபடியாகமங்கள்மீதுள்ள பற்றை நேதனின் தனிப்பட்ட விசித்திரமாகவே நாவல் காட்டுகிறது. அவர் தம் மிஷன் அமைப்பின் முழு ஒப்புதலின்றி வந்தவர் என்பதையும் சொல்கிறது. ஆகவே அவர் ஒரு சபையின் பிரதிநிதியாகப் படைக்கப்படவில்லை. அவருக்கு ஒரு முற்கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்சில் காயமுற்று அப்புறப்படுத்தப்பட்டதால், தம் படைப்பிரிவினர் மாண்டுபோன பட்டான் மரண அணிவகுப்பிலிருந்து அவர் தப்பியவர். தப்பியது கோழைத்தனம் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை. இனி எந்த ஆபத்திலிருந்தும் ஓடுவதில்லை என்ற வைராக்கியத்துக்குக் குடும்பம் பலியாகிறது. ஆனால் இந்த முற்கதையையும் வாசகர் ஓர்லியானாவின் வாயால் கேட்பதோடு சரி. குற்றவுணர்வால் ஆட்டிவைக்கப்படும் ஆறு பேரில், மூலக் குற்றவுணர்வைச் சுமப்பவருக்கு மட்டும் வாக்குமூலம் மறுக்கப்படுகிறது. அவருடைய மௌனம் குடும்பத்தின் மற்றவர்களுக்கு அவர் எட்டாதவராக இருந்ததை உணர்த்துகிறது. அதே மௌனம் அவரை வாசகருக்கும் எட்டாதவராக்குகிறது. நாவலைப் புகழ்பவர் முதல் விளைவைச் சொல்கிறார், குறைகூறுபவர் இரண்டாவதை. இரண்டும் உண்மை.

4. மிஷனரி வரலாறு தரும் சான்று

மிஷனரிகள் மருத்துவமனை கட்டினர், பள்ளி நடத்தினர், மொழிகளுக்கு அகராதி எழுதினர். நாவல் இதையெல்லாம் மறைக்கிறது என்பது மற்றொரு முறையீடு. காங்கோவின் வரலாற்றில் இதற்கு வலுவான ஆதாரம் உண்டு. இரண்டாம் லியோபோல்ட் மன்னரின் தனி உடைமையாகக் காங்கோ இருந்த காலத்தில் (1885–1908) ரப்பர் சேகரிப்புக்காக நிகழ்த்தப்பட்ட கொடுமைகளை உலகறியச் செய்தவர்களில் மிஷனரிகள் முக்கியமானவர்கள். வெட்டப்பட்ட கைகளை நேரில் கண்டு பதிவு செய்த வில்லியம் ஷெப்பர்டு அமெரிக்கக் கறுப்பினப் பிரஸ்பிட்டேரியன் ஊழியர். அவதூறு வழக்கில் 1909இல் நிறுத்தப்பட்டு விடுதலையானவர். ஆலிஸ் சீலி ஹாரிஸ் 1904இல் எடுத்த புகைப்படங்கள் காங்கோ சீர்திருத்த இயக்கத்தின் ஆயுதமாயின.

இதன் மறுபக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. 1906இல் வத்திக்கானோடு செய்த உடன்படிக்கைக்குப் பின் கத்தோலிக்க மிஷன்கள் அரசின் கல்விக் கரமாகச் செயல்பட்டன. தொடக்கக் கல்வி பரவலாகக் கிடைத்தது; உயர்கல்வியின் கதவு ஏறத்தாழ மூடியே இருந்தது. லோவானியம் பல்கலைக்கழகம் 1954இல்தான் தொடங்கியது. விடுதலை நாளில் பட்டதாரிகளை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நிலை இருந்ததில் மிஷன் கல்விக்கும் பங்குண்டு. லுமும்பாவே புரொட்டஸ்டண்ட், கத்தோலிக்கப் பள்ளிகள் இரண்டிலும் பயின்றவர். அடக்குமுறைக்குத் துணைபோனதும் அதை எதிர்க்கும் மனிதர்களை உருவாக்கியதும் ஒரே அமைப்புதான்.

கிங்சால்வர் இச்சிக்கலை அறியாதவர் அல்லர். நேதனுக்கு முன் கிலாங்காவில் இருந்த சகோதரர் ஃபவுல்ஸ் உள்ளூர்ப் பெண்ணை மணந்தவர். மருந்தும் நூல்களும் சுமந்து ஆற்றுவழி ஊர்களுக்குச் செல்பவர். வேதாகமத்தையும் காட்டையும் ஒரே பணிவோடு வாசிப்பவர். நாவலின் முன்குறிப்பில் ஆசிரியர் தம் தூண்டுதல்களாகக் கிங் ஜேம்ஸ் வேதாகமத்தையும் கே. இ. லாமன் தொகுத்த கிகோங்கோ–பிரெஞ்சு அகராதியையும் குறிப்பிடுகிறார். லாமன் ஸ்வீடன் நாட்டு மிஷனரி. மொழியைக் கற்க மறுத்த ஊழியரின் வீழ்ச்சியைச் சொல்லும் நாவல், மொழியைக் கற்பதற்கே வாழ்நாளைக் கொடுத்த ஓர் ஊழியரின் உழைப்பின்மேல் நிற்கிறது. எனினும் ஃபவுல்ஸ் கதையில் தோன்றும் பக்கங்கள் மிகச் சில. நேதனை எடைபோடும் தராசுத் தட்டாக வந்து போவதே அவருடைய வேலை. மிஷனரிப் பணியின் முழுச் சித்திரத்தை எதிர்பார்ப்பவருக்கு இது போதாது. ஒரு குடும்பத்தின் வாக்குமூலத்தைக் கேட்க வந்தவருக்கு இதுவே போதும்.

5. காங்கோ அரசியலும் நாவலின் நம்பகத்தன்மையும்

நாவலின் வரலாற்றுப் பார்வை அமெரிக்காமீது ஒருதலையாகக் குற்றம் சாட்டுகிறது என்பது அரசியல் நோக்கிலான விமர்சனம். சான்றுகள் இங்கே பெரிதும் கிங்சால்வரின் பக்கமே நிற்கின்றன. அமெரிக்க செனட்டின் ‘சர்ச் குழு’ என்னும் விசாரணைக் குழு 1975இல் வெளியிட்ட அறிக்கை, லுமும்பாவைக் கொல்ல உளவு அமைப்பு திட்டமிட்டதையும் 1960இல் லியோபோல்ட்வில் நகருக்கு நஞ்சு அனுப்பியதையும் உறுதி செய்தது. கொலையை நேரடியாக அமெரிக்கர் நிகழ்த்தியதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. காங்கோ படைத் தலைவர் மொபுட்டு 1960 செப்டம்பரில் அதிகாரத்தைக் கைப்பற்றியதையும் அவருடைய நீண்ட ஆட்சிக்கு மேற்கு நாடுகளின் ஆதரவு இருந்ததையும் மறுப்பார் இல்லை.

நாவலில் போதிய இடம் பெறாதது பெல்ஜியத்தின் பங்கு. லுமும்பாவின் கொலை பற்றிய லூடோ டி விட்டேயின் ஆய்வுநூல் 1999இல், அதாவது நாவலுக்கு அடுத்த ஆண்டில், வெளிவந்தது. அதன் விளைவாக அமைந்த பெல்ஜிய நாடாளுமன்றக் குழு, கொலைக்கு இட்டுச்சென்ற சூழலில் பெல்ஜியத்துக்குத் தார்மிகப் பொறுப்பு உண்டு என 2001இல் அறிவித்தது. மறு ஆண்டு அந்நாட்டு அரசு மன்னிப்புக் கேட்டது. லுமும்பாவின் ஆட்சியிலும் இருண்ட பக்கங்கள் உண்டு. 1960 ஆகஸ்டில் தெற்குக் கசாயில் தேசியப் படையினர் பொதுமக்களைக் கொன்றது அவற்றில் ஒன்று. நாவலின் பார்வையில் அது கனம் பெறுவதில்லை. லுமும்பா அங்கே தொலைவில் ஒலிக்கும் ஒரு குரலாகவும் பறிபோன நம்பிக்கையாகவும்தான் இருக்கிறார்.

இச்சாய்வும் வாக்குமூல அமைப்பிலிருந்து வருவதே. பேசுவோர் அமெரிக்கர், அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியது தம் நாட்டின் குற்றத்தை. பிறர் குற்றத்தைப் பட்டியலிடுவது அவர்கள் நோக்கில் தப்பித்தலாகிவிடும். ஒரு வரலாற்று நூலுக்கு இது குறை. ஒரு மனச்சான்றின் கணக்குக்கு இது ஒழுங்கு.

6. ஆப்பிரிக்கா யாருடைய கதையில்?

எளிதில் பதில் சொல்ல முடியாத விமர்சனம் இதுதான். ஜோசப் கான்ராடின் ‘இருளின் இதயம்’ குறித்து 1975இல் ஆற்றிய உரையில் சினுவா அச்செபே, ஆப்பிரிக்காவை ஓர் ஐரோப்பிய மனம் சிதைவதற்கான மேடையாக மட்டும் பயன்படுத்துவதைக் கண்டித்தார். அந்த அளவுகோலைக் கிங்சால்வரின் நாவலுக்கும் பொருத்தலாம். காங்கோ மக்களை அவர் கான்ராட்போல் பேச்சற்ற கூட்டமாக விட்டுவிடவில்லை. டாட்டா ண்டுவின் தர்க்கம் கூர்மையானது. அனத்தோலின் அரசியல் தெளிவு நாவலிலேயே உயர்ந்தது. கால்களற்ற மாமா முவான்சாவின் கம்பீரம் மறக்க முடியாதது. ஆனாலும் ஐந்து குரல்களில் ஒன்றுகூட அவர்களுடையதன்று. அனத்தோல் சிறையில் கழித்த ஆண்டுகளையும் வாசகர் லியாவின் காத்திருப்பாகவே அறிகிறார்.

ஆப்பிரிக்க நாவல்கள் சிலவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அச்செபேயின் ‘சிதைவுகள்’ (1958) நாவலில் இணக்கமான மிஷனரி பிரவுனுக்குப் பின் கடுமையான ஸ்மித் வருகிறார். ஃபவுல்சும் நேதனும் அந்த இணையை நினைவூட்டுகிறார்கள். இரட்டைக் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் ஒதுக்கப்பட்டோரும் முதலில் சபைக்கு வருவதை இரு நாவல்களும் காட்டுகின்றன. ஆனால் அச்செபேயிடம் அவர்கள் ஏன் வந்தார்கள் என்பது கதையின் உயிர்நாடி. கதைநாயகனின் தலைமகன் நுவோயேயின் மனமாற்றம் ஒரு குடும்பத்தையே பிளக்கிறது. கிலாங்காவில் சபைக்கு வருவோர் நேதனின் தோல்விக்கு மற்றுமொரு சான்றாகச் சுருங்கிப்போகிறார்கள். கேமரூனின் மோங்கோ பெட்டி ‘பொம்பாவின் ஏழைக் கிறிஸ்து’ (1956) நாவலில் வெள்ளைப் பாதிரியாரின் தோல்வியை அவருடைய ஆப்பிரிக்கப் பணியாள் சிறுவனின் நாட்குறிப்பாக எழுதினார். காங்கோவிலேயே பிறந்த வி. ஒய். முதிம்பே 1973இல் எழுதிய நாவல், புரட்சிப் படையில் சேரும் ஒரு காங்கோ குருவானவரின் உள்மோதலைச் சொல்கிறது.

கிறிஸ்தவத்தைத் தமதாக்கிக்கொண்ட காங்கோ மக்கள் கிங்சால்வரின் நாவலில் ஏறக்குறைய இல்லை. பாப்டிஸ்ட் மிஷனில் ஞானஸ்நானம் பெற்ற சிமோன் கிம்பாங்கு 1921இல் தொடங்கிய இயக்கத்தைக் கண்டு குடியேற்ற அரசு அஞ்சியது. அவரைச் சிறையில் அடைத்தது. 1951இல் அவர் சிறையிலேயே இறந்தார். அவர் பெயரால் வளர்ந்த சபை 1969இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் சேர்ந்தது. நேதனின் தோல்வியைக் கிறிஸ்தவத்தின் தோல்வியாக வாசிப்பவரும் அந்த வாசிப்பை எதிர்ப்பவரும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள்: இருவர் கண்ணும் வெள்ளைப் போதகர்மீதே இருக்கிறது. காங்கோவில் கிறிஸ்தவத்தின் எதிர்காலத்தை வகுத்தவர்கள் காங்கோ மக்கள் என்பதை நாவலும் அதன் விவாதங்களும் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை.

மொபுட்டுவின் ஆட்சிக்காலத்தில் தம்மால் அந்நாட்டுக்குள் நுழைய இயலவில்லை என்று கிங்சால்வர் முன்குறிப்பில் எழுதுகிறார். சிறுமியாகக் காங்கோவில் சிறிது காலம் வாழ்ந்தவர் அவர். அவருடைய பெற்றோர் பொதுச் சுகாதாரப் பணிக்குச் சென்றவர்கள். காங்கோ நபர் ஒருவரின் உள்மனத்திலிருந்து பேசாமல் அமெரிக்கப் பெண்களின் குரலில் நின்றுகொண்டது அவருடைய நேர்மை எனக் கருத இடமுண்டு. அறியாததை அறிந்ததுபோல் எழுதாமை ஒரு நற்பண்பு. அதே நேரத்தில், ஒரு தேசத்தின் பேரழிவு இன்னொரு தேசத்தின் மனச்சான்றை விசாரிக்கும் மன்றமாக மாறிவிடுவதை அந்த நேர்மையால் தடுக்க முடியவில்லை. அச்செபேயின் எதிர்ப்பு இந்த நாவலுக்கு முழுதாகப் பொருந்தாவிட்டாலும் இந்த அளவுக்குப் பொருந்துகிறது.

7. பிற்பகுதி பற்றிய கருத்து வேறுபாடு

ரூத் மே இறந்ததும் நாவல் முடிந்திருக்க வேண்டும் என்பது வாசகரிடையே அடிக்கடி கேட்கும் கருத்து. கிலாங்காப் பகுதியில் பசி, எறும்புப் படை, வேட்டை, பாம்பு என நிகழ்வுகள் நெருக்கமாக வருகின்றன. பிற்பகுதியில் ஆண்டுகள் தாவுகின்றன. கடிதம்போலவும் சொற்பொழிவுபோலவும் குரல்கள் மாறுகின்றன. லியாவின் பக்கங்களில் அரசியல் விளக்கம் கதையை முந்துகிறது. கலை நோக்கில் இக்குறை உண்மையானது.

ஆனால் மரணத்தோடு நாவலை நிறுத்தினால் அது ஆணவம் கொண்ட ஒரு தந்தையின் கதையாகிவிடும். எல்லாக் குற்றமும் நேதன்மேல் இறங்கி மற்றவர்கள் விடுபட்டுவிடுவார்கள். பிற்பகுதி அந்த விடுதலையை மறுக்கிறது. ரேச்சல் தன்னைக் காத்துக்கொண்டு எதையும் கேட்க மறுக்கிறாள். லியா தன் வாழ்வையே ஈடாகக் கொடுக்க முனைகிறாள். ஏடா அறிவியலின் தொலைவில் நின்று உயிர்களின் கணக்கைப் பார்க்கிறாள். ஓர்லியானா மன்னிப்பை எதிர்பார்த்தே வாழ்கிறாள். குற்றத்தில் பங்குள்ளவர் அதற்குப் பின் எப்படி வாழ முடியும் என்பதற்கு இவை நான்கு மாதிரிகள். ஒன்றையும் நாவல் முழு விடையாக ஏற்கவில்லை. வேகம் குறைந்தாலும் இப்பகுதி இல்லாமல் வாக்குமூலம் நிறைவு பெறாது.

8. மதிப்பீடு

வாசகர் எந்த அளவுகோலோடு வருகிறாரோ அதற்கேற்ப நாவலின் உயரம் மாறுகிறது. மிஷனரிப் பணியின் வரலாறாக வாசித்தால் அது குறையுடையது: ஷெப்பர்டுக்கும் லாமனுக்கும் கிம்பாங்குவுக்கும் அதன் கதையில் இடமில்லை, ஃபவுல்சுக்குச் சில பக்கங்களே உண்டு. காங்கோவின் அரசியல் வரலாறாக வாசித்தால் அமெரிக்கப் பங்கைப் பற்றி அது சொல்வது பெரிதும் சரி, பெல்ஜியத்தைப் பற்றிச் சொல்வது போதாது. ஆப்பிரிக்க வாழ்வின் சித்திரமாக வாசித்தால் கூர்மையான துணைமாந்தர்கள் உண்டு, உள்ளிருந்து ஒலிக்கும் குரல் இல்லை. தாம் செய்யாத, ஆனால் தமக்குப் பயன் தந்த குற்றத்துக்குப் பொறுப்பேற்பது எப்படி என்ற விசாரணையாக வாசித்தால், அண்மைக்கால அமெரிக்கப் புனைகதையில் இதற்கு இணையான துணிவு அரிது.

நாவலைத் தூக்கிப்பிடிப்போரும் ஒதுக்குவோரும் இந்த அளவுகோல்களில் ஒன்றை மட்டும் கையில் கொண்டு தீர்ப்புச் சொல்கிறார்கள். நேதனின் மௌனம், ஃபவுல்சின் சுருக்கம், லுமும்பாவின் தொலைவு, காங்கோ மாந்தரின் புறநிலை, பிற்பகுதியின் நீளம் ஆகிய ஐந்தும் ஐவரின் வாக்குமூலம் என்ற ஒரே வடிவத்தின் விளைவுகள் என்பதைக் கண்டால், பாராட்டையும் மறுப்பையும் ஒரே வாசிப்புக்குள் கொண்டுவர முடியும். அந்த வடிவம் பொறுப்பை ஆழமாகப் பேச இடம் தந்தது. பொறுப்பற்றவராகக் காட்டப்படுபவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் பேச இடம் தரவில்லை. பிரைஸ் குடும்பத்தை வாசிப்பவர் அச்செபேயையும் மோங்கோ பெட்டியையும் முதிம்பேயையும் சேர்த்தே வாசிப்பது இதனால் இன்றியமையாததாகிறது. ஒரு நாவலால் தர முடியாத குரல்களை மற்ற நாவல்களிடமிருந்துதான் பெற வேண்டும்.